ஒரே திருத்தம்... இரண்டு கிளைகளில் ஏன்?

கோவையில் ஒருவர் கேடிஇ மென்பொருளைத் தமிழில் பயன்படுத்துகிறார். மெனுவில் ஓர் எழுத்துப்பிழை. அதைத் திருத்தும் தன்னார்வலர் இரண்டு இடங்களில் திருத்த வேண்டும். ஏன்?

கேடிஇ மொழிபெயர்ப்புகள் சப்வெர்ஷன் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் களஞ்சியத்தில் தனித்தனிக் கிளைகளாக உள்ளன. 'ஸ்டேபிள்' கிளை இப்போது புழங்கும் பதிப்புக்கு. 'ட்ரங்க்' அடுத்து வரப்போவதற்கு. முன்னதில் மட்டும் திருத்தினால், புதிய பதிப்பில் பிழை மறுபடி முளைக்கும். பின்னதில் மட்டும் என்றால், இன்றைய பயனர் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டிலும் திருத்துவது எப்படி? பிஓ என்னும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஆங்கில மூலத்துக்குக் கீழேயே தமிழ் வரி இருக்கும். லோக்கலைஸ் என்னும் மொழிபெயர்ப்புச் செயலியில் இரு கிளைகளின் கோப்புகளையும் இணைத்துத் திறந்தால், மூலம் ஒத்துப்போகும் இடத்தில் திருத்தம் இரண்டிலும் பதியும். மூலம் மாறிய வரிக்கு 'ஃபஸி', அதாவது சரிபார்க்க வேண்டியது என்ற குறி விழும். ஆள் பார்த்துச் சரிசெய்யும்வரை திரையில் ஆங்கிலமே தெரியும். எல்லாம் சரியென்றால், இரண்டு கிளைகளிலும் கமிட் செய்து களஞ்சியத்தில் சேர்க்கலாம்.