இணையத்தில் ஒரு சொந்தக் கடை

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, கடலை ஒட்டி இருக்கிறது இராஜாக்கமங்கலம். ஒருபுறம் தென்னந்தோப்புகள், மறுபுறம் இராஜாக்கமங்கலம் துறையில் கரையேறும் மீன். இவ்விரண்டையும் நம்பித்தான் இந்த வட்டாரத்தின் சிறுதொழில்கள் பலவும் நடக்கின்றன. தும்பு பிரிப்போர், கயிறு திரிப்போர், தேங்காய் எண்ணெய் ஆட்டுவோர், கருவாடு உலர்த்துவோர் எனப் பலர் இருக்கின்றனர். ஏத்தங்காய் சிப்ஸ் பொரிப்போரும் கருப்பட்டி விற்போரும் அவர்களுடன் சேர்ந்துகொள்கின்றனர்.

அருகிலுள்ள ஈத்தாமொழியின் நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மட்டி வாழைக்கும் கிராம்புக்கும் நாகர்கோவில் கோயில் நகைகளுக்கும் அந்தச் சிறப்பு உண்டு. ஆனால், பொருளுக்குக் கிடைத்த பெயர், அதை விளைவிப்பவருக்கும் செய்பவருக்கும் முகவரியாக மாறவில்லை. சென்னையிலோ துபாயிலோ இருக்கும் ஒருவர் ஈத்தாமொழித் தேங்காயைக் கைப்பேசியில் தேடினால், தோப்புக்காரரைவிட இடைநிலை வியாபாரியே முன்னால் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். ஊரின் பெயரால் கிடைக்கும் லாபத்தின் பெரும்பங்கு ஊருக்கு வெளியே தங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'எங்களுக்குத்தான் வாட்ஸ்ஆப் இருக்கிறதே, முகநூல் பக்கம் இருக்கிறதே, தனியாக இணையதளம் எதற்கு?' என்று வணிகர்கள் கேட்பது இயல்பு. அவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை பிறருடைய இடங்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை விதித்தபோது, டிக்டாக்கை மட்டுமே நம்பி வாடிக்கையாளரைச் சேர்த்தவர்கள் அவர்களை ஒரே இரவில் இழந்தனர். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் ஆகிய மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. அந்த நேரத்தில் அவற்றை மட்டுமே நம்பியிருந்த கடைகளின் கதவுகளும் அடைபட்டன. திருவிழாத் திடலில் கடை போடுவது தவறல்ல. ஆனால், திடலையே நிரந்தர முகவரியாகக் கொள்ள முடியாது.

எனவே, இணையதளம் அமைக்க முன்வரும் சிறு வணிகர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த வண்ணம், எந்த வடிவம்?' என்பதல்ல, 'இது யார் பெயரில் இருக்கும்?' என்பதே.

இணையதளத்தில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, டொமைன் எனப்படும் இணையப் பெயர். இரண்டாவது, ஹோஸ்டிங் எனப்படும் சேமிப்பிடம். மூன்றாவது, அந்த இடத்தில் வைக்கப்படும் எழுத்தும் படமும். சேமிப்பிடம் வாடகை வீடு போன்றது; சேவை சரியில்லை என்றால் வேறிடத்துக்கு மாறிவிடலாம். எழுத்தையும் படத்தையும் மீண்டும் உருவாக்கிவிடலாம். ஆனால், பெயர் கைநழுவினால் விலைச்சீட்டிலும் பையிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்ட முகவரி அனைத்தும் வீணாகும். வாடிக்கையாளர் பழைய முகவரிக்கே வருவார். அங்கே வேறொருவர் இருப்பார்.

இணையப் பெயரைப் பதியும்போது பதிவுதாரராக யார் பெயர் எழுதப்படுகிறதோ, அவரே அதன் உரிமையாளர். வடிவமைத்துத் தருபவர் வேலையை எளிதாக்குவதற்காகத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்துவிடுவது உண்டு. பிற்பாடு அவர் தொழிலை மாற்றிக்கொண்டாலோ, மனத்தாங்கல் ஏற்பட்டாலோ, உரிமையை மீட்பது பெரும்பாடு. நிலம் வாங்கும்போது பத்திரத்தைத் தரகர் பெயரில் எழுத எவரும் சம்மதிப்பதில்லை. அந்த எச்சரிக்கை இங்கும் தேவை. பதிவு வணிகரின் பெயரில் இருக்க வேண்டும். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் அவருடையவையாக இருக்க வேண்டும். கடவுச்சொல் அவர் கையில் இருக்க வேண்டும். வடிவமைப்பாளருக்குப் பணம் கொடுக்கும் முன் இதை எழுத்தில் பெறுவது நல்லது.

'டாட் இன்' என்று முடியும் பெயர்களின் பதிவேட்டை இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகம் நிர்வகிக்கிறது. சாதாரணப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் சில நூறு ரூபாயில் இருந்து ஆயிரம் ரூபாய் அளவுக்கே இருக்கும். பத்து ஆண்டுகளுக்குச் சேர்த்தும் பதியலாம். புதுப்பிக்கும் தேதியைக் கடையின் நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். கெடு கடந்தால் மீட்கக் கூடுதல் கட்டணம் கேட்கப்படலாம்; அதையும் விட்டுவிட்டால் பெயர் பிறருக்குப் போய்விடும்.

பெயரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஈத்தாமொழியை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் நால்வர் நான்கு விதமாக எழுதுவர். இராஜாக்கமங்கலத்துக்கும் அதே நிலைதான். தொலைபேசியில் ஒருமுறை சொன்னாலே எதிர்முனையில் இருப்பவர் பிழையின்றி எழுதிக்கொள்ளக்கூடிய சிறிய பெயரே சிறந்தது. 'டாட் இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் உண்டு. அதைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, தளத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது. நகரும் படங்களும் தானாக ஒலிக்கும் இசையும் 'எங்கள் நிறுவனத்துக்கு வரவேற்கிறோம்' என்ற நீண்ட முன்னுரையும் எவருக்கும் உதவுவதில்லை. கடைக்கு வருபவர் கேட்பவை ஐந்து: என்ன பொருள்? என்ன விலை? எங்கே இருக்கிறீர்கள்? எப்படி வாங்குவது? பொருள் சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்? இந்த ஐந்துக்கும் பதில் தரும் தளம், மூன்று பக்கங்களே கொண்டிருந்தாலும் முழுமையானது.

விலையை மறைத்து, 'தொடர்பு கொள்ளவும்' என்று எழுதுவது பலரின் வழக்கம். தேங்காய் விலை நாள்தோறும் மாறுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அப்படியானால், 'இன்றைய விலை' என்று தேதியுடன் எழுதலாம். அல்லது ஒரு வரம்பைக் குறிப்பிடலாம். விலையே இல்லாத பக்கத்தில் வாங்குபவர் நெடுநேரம் நிற்பதில்லை. அதேபோல, கைப்பேசி எண்ணைத் தொட்டவுடன் அழைப்பு செல்ல வேண்டும். முகவரியைத் தொட்டவுடன் வரைபடம் திறக்க வேண்டும். இவ்விரண்டையும் ஓரிரு நிமிடங்களில் செய்துவிடலாம் என்றாலும், செய்யாமல் விட்ட தளங்களே மிகுதி.

மொழி, சிறு வணிகருக்குக் கிடைத்திருக்கும் பெரும் வசதி. குமரி மாவட்டத்தார் 'சாளை' என்பதைப் பிற மாவட்டத்தார் 'மத்தி' என்பர். இங்கே 'நெத்தோலி', அங்கே 'நெத்திலி'. இங்கே 'ஏத்தங்காய்', அங்கே 'நேந்திரங்காய்'. தேடுபவர் தமக்குத் தெரிந்த சொல்லால்தான் தேடுவார். ஊர்ச் சொல்லை முதலில் எழுதி, பிற ஊராரின் சொல்லையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிட்டால் இரு சாராரும் வந்து சேர்வர். அண்டை மாநிலத்தில் வாடிக்கையாளர் உள்ளவர்கள் மலையாளத்தில் ஒரு பக்கம் சேர்ப்பதும் பயன் தரும்.

ஆனால், அந்த எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும். அச்சகத்தில் செய்த வண்ண விளம்பரத்தை அப்படியே படமாக ஏற்றிவிட்டால், அதிலுள்ள சொற்கள் தேடுபொறிக்கு எளிதில் அகப்படாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்புக் கருவியும் அதைப் படிக்காமல் போகலாம். விலை மாறினால் திருத்தவும் முடியாது. ஒருங்குறித் தமிழில் தட்டச்சு செய்த ஒரு பத்தி, பளபளக்கும் பத்துப் படங்களைவிட அதிகம் உழைக்கும். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொக்கிகள் உண்டு என்பதால், ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்றுக் கூடுதலான வரி இடைவெளி விட வேண்டும்.

வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்கு வெளிர்சாம்பல் நிற எழுத்து தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறி. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும்.

தளம் விரைவாகத் திறப்பதும் முக்கியம். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிகளுக்குள் தோன்றுவதையே நல்ல வேகம் என்கிறது கூகுள். அதைக் கெடுப்பவை பெரும்பாலும் படங்களே. இன்றைய கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4 எம்பி அளவுக்கு இருக்கலாம். அப்படி 20 படங்களை ஏற்றினால் 80 எம்பி. அகலத்தைக் குறைத்து, ஒவ்வொன்றையும் 150 கேபி அளவுக்குச் சுருக்கினால் மொத்தமே 3 எம்பிதான். பார்ப்பவரின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அவருடைய டேட்டா மிச்சமாகும். இரவல் படங்களைத் தவிர்ப்பதும் அவசியம். வெளிநாட்டுத் தென்னந்தோப்பின் அழகிய படத்தைவிட, தம் களத்தில் உலரும் கொப்பரையைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமே நம்பிக்கை தரும்.

அந்த நம்பிக்கைக்குச் சட்டமும் சில வரையறைகளை வகுத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையவழியில் விற்போர் தம் சட்டபூர்வமான பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிப்ஸ், எண்ணெய், கருவாடு போன்ற உணவுப் பொருள்களை விற்போர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணையும் காட்ட வேண்டும். 'இன்னும் இரண்டே பாக்கெட்டுகள்தான் உள்ளன' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 வகைத் தந்திரங்களுள் ஒன்று.

புவிசார் குறியீட்டுக்கும் இது பொருந்தும். அந்தக் குறியீட்டைத் தம் பொருளுக்குப் பயன்படுத்த விரும்பும் உற்பத்தியாளர், சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தனியே பதிய வேண்டும். ஊரில் பிறந்ததாலோ ஊரில் கடை வைத்ததாலோ மட்டும் அந்த உரிமை வந்துவிடாது. பதிந்தவர் அதைத் தம் தளத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லலாம். போலிகளில் இருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட அதைவிட வலுவான சான்று வேறில்லை.

இணையதளம் தொடங்கிய மறுநாளே வாடிக்கையாளர் குவிந்துவிடுவர் என்று எவராவது உறுதியளித்தால் நம்ப வேண்டியதில்லை. ஊர்ச் சந்தையில் கடை திறந்தாலும் ஆள் பழகச் சிறிது காலம் ஆகும். விலைச்சீட்டில், பொட்டலத்தில், வாட்ஸ்ஆப் விவரக் குறிப்பில், கூகுள் வரைபடப் பதிவில் தள முகவரியைச் சேர்க்க வேண்டும். முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் கைவிட வேண்டியதில்லை. அங்கே பார்ப்பவரைச் சொந்தக் கடைக்கு அழைத்துவரும் வழியாக அவற்றைப் பயன்படுத்தலாம். மாதம் ஒருமுறை விலை, விடுமுறை நாள், கைப்பேசி எண் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். தளத்தின் நகல் ஒன்றைத் தம் கணினியில் எடுத்து வைக்க வேண்டும். சென்ற ஆண்டின் தீபாவளிச் சலுகையை இந்த ஆண்டுக் கோடையிலும் காட்டிக்கொண்டிருக்கும் தளம், கடை மூடிவிட்டதோ என்ற ஐயத்தையே தரும்.

தனியொரு கயிறு திரிப்பாளரால் இவ்வளவையும் செய்ய முடியுமா என்று கேட்கலாம். எல்லோரும் தனித்தனியே செய்ய வேண்டும் என்பதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளும் ஒரே தளத்தைக் குழுவின் பெயரில் பதிந்து, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். நாகர்கோவிலைச் சுற்றிப் பொறியியல், கலை, அறிவியல் கல்லூரிகள் பல உள்ளன. இல்லாத நிறுவனத்துக்கு மாதிரித் தளம் செய்து மதிப்பெண் வாங்கும் மாணவர், இருக்கிற தும்பு ஆலைக்கு உண்மைத் தளம் செய்தால் இருவருக்கும் பயன். மாவட்டத் தொழில் மையம் இந்த இரு சாராரையும் இணைத்து வைக்க முன்வர வேண்டும்.

கடையில் வருபவரைப் பார்த்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, நிறுத்துக் கொடுத்து, குறை இருந்தால் மாற்றித் தருவது நம் வணிகர்கள் நன்கு அறிந்த கலை. இணையதள வடிவமைப்பு என்பது அதையே திரையில் செய்வதுதான். அதற்குத் தேவையானவை தெளிவான எழுத்தும் உண்மையான விலையும் சொந்தப் பெயரில் ஒரு முகவரியும். ஈத்தாமொழித் தேங்காயைத் தேடி வருபவர் ஈத்தாமொழித் தோப்புக்காரரிடமே வந்து சேர, முதல் வேலையாக அந்த முகவரியைப் பதிந்து வைக்கலாம்.