வானொலிக்கேற்ற ஒலிச் சில்லு

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் மழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே மின்சாரம் தடைப்படுவதுண்டு. அவ்வேளையில் லயத்து வீட்டுக்கு வெளியுலகச் செய்தியைக் கொண்டுவரவல்லது பற்றரியால் இயங்கும் சிறு வானொலி. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடிய துயரை அறிந்தோர்க்கு, எச்சரிக்கை அறிவித்தல் காதில் விழுவதன் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலின், ஊமையாகிப்போன வானொலியைச் செப்பனிடுதல் வெறும் பொழுதுபோக்கன்று.

பற்றரியும் ஒலிபெருக்கியும் நன்றாயிருந்தும் ஓசை எழவில்லையெனில், ஒலியைப் பெருக்கும் சில்லு பழுதுற்றிருக்கலாம். ‘ஐ.சி.’ எனக் கடைக்காரர் அழைக்கும் ஒருங்கிணைந்த மின்சுற்று இதுவே. 1958இல் அமெரிக்காவில் ஜாக் கில்பி என்பார் செய்துகாட்டிய முதல் மின்சுற்றின் வழிவந்தது. பல திரான்சிஸ்டர்கள் விரல் நகமளவான கருந்துண்டினுள் அடங்கியுள்ளன.

புதிய சில்லைத் தெரிந்தெடுக்குங்கால், “எது உரத்து ஒலிக்கும்?” என்று வினவுவதே வழக்கம். “எது பற்றரியைக் காக்கும்?” என்பதே முதல் வினாவாதல் வேண்டும். எல்.எம். 386 என்னும் சில்லு 4 முதல் 12 வோல்ற்று வரை இயங்கும். ஒலி எழாத ஓய்வு நிலையில் ஏறத்தாழ 4 மில்லி அம்பியரே அருந்தும். மோட்டார் வண்டி வானொலிகளுக்கென அமைந்த ரீ.டி.ஏ. 2003 பத்து வாற்று வரை முழங்கவல்லது. ஆயின் குறைந்தது 8 வோல்ற்று வேண்டும், ஓய்வு நிலையிலேயே 40 மில்லி அம்பியருக்கு மேல் அருந்தும். நான்கு பற்றரிக் கட்டைகள் தரும் 6 வோல்ற்றில் அது செவ்வனே இயங்காது. சிறு அறைக்கு எல்.எம். 386 தரும் மூன்றிலொரு வாற்றளவே போதுமானது.

இக்காலத்தில் மலிவாய்க் கிடைக்கும் பி.ஏ.எம். 8403 மின்சாரத்தைச் சிக்கனமாகவே செலவிடும். எனினும் 5.5 வோல்ற்றுக்கு மேல் அதற்குத் தருதலாகாது. புதிய கட்டைகள் நான்கோ அவ்வெல்லையைத் தாண்டும். மேலும், விரைந்து திறந்து மூடும் முறையில் இயங்குவதால், அருகிலுள்ள வானொலி ஏற்பியில் இரைச்சலைப் புகுத்தவுங்கூடும்.

உருவ ஒற்றுமையும் ஏமாற்றும். எல்.எம். 386க்கும் ரீ.டி.ஏ. 2822எம் என்னும் சில்லுக்கும் எட்டுக் கால்களே. முன்னதற்கு மின்சாரம் ஆறாம் காலில். பின்னதற்கு இரண்டாம் காலில். ஒன்றின் இடத்தில் மற்றதைப் பொருத்தினால் பழுதே விளையும். எனவே பழைய சில்லின் மேலுள்ள எழுத்தையும் எண்ணையும் ஒன்றுவிடாது குறித்துக்கொண்டே கடைக்குச் செல்லல் வேண்டும்.

பதுளையிற் கிடையாத சில்லுகளுக்குக் கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவை நாடுவோர் பலர். சென்று திரும்பும் செலவு சில்லின் விலையை விஞ்சுமாதலின், போலியை இனங்காணல் அவசியம். மலிவான சில்லின் மேற்புறத்தைச் சுரண்டி வேறு எண்ணைப் பொறித்து விற்பதும் உலகச் சந்தையில் நிகழ்கின்றது. அசெற்றோன் தோய்ந்த பஞ்சினால் துடைக்கையில் மேற்பூச்சுக் கரைந்து கீறல்கள் தோன்றின், ஐயுறுதல் தகும். எழுத்து அழியாமை மட்டும் உண்மைக்குச் சான்றாகாது.

உறுதியான சோதனை அளவீடே. சில்லை நேரே ஈயத்தாற் பற்றவைக்காமல், எட்டுக்கால் சொக்கெற்றைப் பற்றவைத்து அதிற் பொருத்துக. ஓசையைத் தணித்து, சில்லின் மின்வழியில் மல்ரிமீற்றரை இணைத்து நோக்குக. எல்.எம். 386க்கு 6 வோல்ற்றில் 8 மில்லி அம்பியருக்கு மேற்பட்டால், சில்லையோ இணைப்பையோ மீண்டும் ஆராய்தல் வேண்டும். பழுதான பழைய வானொலிகளிலிருந்து கழற்றிய நல்ல சில்லும் இச்சோதனையில் தேறினால் உதவும்.

கடையில் உரத்து முழங்கி, மழையிரவில் பற்றரி தீர்ந்து அடங்கிவிடும் வானொலியால் பயனில்லை. மெல்லிய குரலாயினும் விடியும்வரை பேசுவதே தோட்டத்து வீட்டுக்குத் துணையாவது.