கணினிச் சுட்டியை ரோபோவின் இட உணரியாகப் பயன்படுத்தல்

மவுஸ் எனப்படும் கணினிச் சுட்டியை ஒரு சிறு ரோபோவின் அடியில் பொருத்தி, ரோபோ எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அளக்கலாம். ஒளியியல் சுட்டி மலிவானது. பழுதான கணினிகளுடன் கிடக்கும் பழைய சுட்டியே போதும். அதனால் பொழுதுபோக்காக ரோபோ செய்வோரிடையே இம்முறை பரவலாக அறியப்பட்டது.

ரோபோ சென்ற தூரத்தை அறிய வழக்கமாகச் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணுவர். சக்கரம் வழுக்கினாலும் சுற்று எண்ணப்பட்டுவிடும் என்பது அதன் குறை. சுட்டியோ சக்கரத்தைப் பார்ப்பதில்லை, தரையையே பார்க்கிறது. சக்கரம் நின்ற இடத்தில் சுழன்றால் அது எதையும் பதிவு செய்யாது. ரோபோவை யாராவது கையால் தள்ளினால் அதையும் பதிவு செய்யும்.

செயற்பாடு

பழைய பந்துச் சுட்டியில் ரப்பர் பூசிய பந்து இரண்டு உருளைகளைச் சுழற்றும். அவற்றுடன் இணைந்த துளைத் தட்டுகள் அகச்சிவப்பு ஒளியை மறைத்து மறைத்துத் திறக்க, துடிப்புகள் உண்டாகும். தூசி படிந்தால் உருளை வழுக்கும் என்பதால் ரோபோவுக்கு இது அவ்வளவாக ஏற்றதன்று.

ஒளியியல் சுட்டியினுள் இருப்பது மிகச் சிறிய ஒரு படக்கருவி. எல்.இ.டி. விளக்கு தரையைச் சாய்வாக ஒளியூட்டுகிறது. தரையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிழலாகத் தெரிகின்றன. ஏடிஎன்எஸ்-2610 என்ற சில்லு 18 x 18 படப்புள்ளிகள் கொண்ட படங்களை நொடிக்கு சுமார் 1500 எடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு இடப்பெயர்ச்சியைக் கணிக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 400 எண்ணிக்கை தருவதால், ஓர் எண்ணிக்கை ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர். நொடிக்கு 12 அங்குலம், அதாவது சுமார் 30 சென்டிமீட்டருக்கு மேல் ஓடினால் இச்சில்லின் கணிப்பை நம்ப முடியாது.

கோணச் சிக்கல்

தரையில் ஓடும் ரோபோவுக்கு அறிய வேண்டியவை மூன்று: முன்பின் நகர்வு, பக்க நகர்வு, திரும்பிய கோணம். ஒரு சுட்டி தருவதோ இரண்டே எண்கள். இருசக்கர ரோபோவில் அச்சின் நடுப்புள்ளியில் சுட்டியை வைத்தால், ரோபோ நின்ற இடத்திலேயே முழு வட்டம் சுற்றினாலும் சுட்டி ஏறக்குறைய சுழியத்தையே காட்டும். புதிதாகச் செய்பவர்கள் அழகாக நடுவில் பொருத்திவிட்டு, ஏன் கோணம் வரவில்லை என்று நிரலில் தேடுவது இதனால்தான்.

சுட்டியை அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் முன்னால் வைத்தால் நிலைமை மாறும். ரோபோ 1 பாகை திரும்பும்போது சுட்டி பக்கவாட்டில் சுமார் 1.7 மில்லிமீட்டர், அதாவது 27 எண்ணிக்கை நகரும். பக்க நகர்வை அந்த 10 சென்டிமீட்டரால் வகுத்தால் கோணம் ரேடியனில் கிடைக்கும். சக்கரங்கள் பக்கவாட்டில் வழுக்காத வரையில்தான் இது சரி. இரண்டு சுட்டிகளை இடைவெளி விட்டுப் பொருத்தினால் அந்த நிபந்தனையும் வேண்டியதில்லை. நான்கு எண்கள் கிடைக்கும், தேவை மூன்றே. மிஞ்சும் எண்ணைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிக்கலாம்: இரு சுட்டிகளுக்கும் இடையே உள்ள தூரம் மாறவே முடியாது, மாறியதாகக் கணக்கு காட்டினால் ஒரு சுட்டி தவறாகப் படிக்கிறது.

பொருத்துதலும் இணைத்தலும்

இச்சில்லின் வில்லை தரையிலிருந்து சுமார் 2.4 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் கூடினாலே படம் மங்கும். எனவே சுட்டி மேலும் கீழும் தளர்வாக அசைய வேண்டும், பக்கவாட்டில் அசையவே கூடாது. ரோபோவின் எடை அதன்மேல் விழுந்தால் சக்கரங்கள் பிடிப்பிழக்கும். தாள், மரம், மெருகிடாத சிமெண்டுத் தரை ஆகியவற்றில் நன்றாக வேலை செய்யும். கண்ணாடியிலும் பளபளப்பான ஓட்டுத் தரையிலும் தடுமாறும்.

ஆர்டுவினோ போன்ற எளிய நுண்கட்டுப்படுத்திக்குப் பழைய பிஎஸ்/2 வகைச் சுட்டியே வசதி. மின்சாரம், தரைக்கம்பி தவிர இரண்டே கம்பிகள். மின்சாரம் கொடுத்ததும் அது தானாக நகர்வை அனுப்பாது. எஃப்4 என்ற பதினறும எண்ணை அனுப்பிய பிறகே மூன்று பைட்டுகளாக நகர்வை அனுப்பத் தொடங்கும். யூஎஸ்பி சுட்டியானால் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி தேவை. லினக்சில் எல்லாச் சுட்டிகளையும் சேர்த்துக் காட்டும் பொதுக் கோப்பு ஒன்று உண்டு. இரண்டு சுட்டி வைப்பவர்கள் அதைத் தவிர்த்து, ஒவ்வொன்றின் தனிக் கோப்பையும் படிக்க வேண்டும்.

அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், அளவுகோலை ஒட்டி ரோபோவை 1 மீட்டர் தள்ளி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வது நல்லது. 400 என்றால் சுமார் 15,750 வர வேண்டும். தரை மாறினால் இந்த எண்ணும் சற்று மாறும்.

எவ்வளவு கவனமாக அளந்தாலும் பிழை கூடிக்கொண்டே போகும். கோணத்தில் 1 பாகை தவறினால், 2 மீட்டர் ஓடிய பின் ரோபோ 3.5 சென்டிமீட்டர் விலகி நிற்கும். ஆகவே சுவரில் முட்டும்போதோ தரையில் ஒட்டிய கறுப்பு நாடாவைக் கடக்கும்போதோ, தெரிந்த அந்த இடத்தைக் கொண்டு கணக்கைத் திருத்திக்கொள்ளும்படி நிரல் எழுதப்படுகிறது.