கண்பாவை சொல்லும் விஷத்தின் பெயர்

செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் நின்று பார்த்தால் கீழே நாலாபுறமும் நெல், மல்லாட்டை, கரும்பு. அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மலைபோல் குவியும் நெல் மூட்டைகள் இந்த வயல்களிலிருந்து வருபவைதான். இதே வயல்களின் மோட்டார் கொட்டகையிலும் வீட்டு இறவாணத்திலும் பூச்சிமருந்து டப்பாக்கள் செருகிக் கிடக்கின்றன. வெயிலில் மருந்தடித்துவிட்டு மயங்கி விழுந்தவர், ஒரு நொடிக் கோபத்தில் எடுத்துக் குடித்தவர், குடிதண்ணீர் என்று நினைத்து வாயில் வைத்த குழந்தை என்று எல்லோரும் வந்து சேரும் இடம் அரசு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவு.

வந்தவரால் பெரும்பாலும் பேச முடியாது. கூட வந்தவர்களுக்கு என்ன குடித்தார் என்று தெரியாது. தெரிந்தாலும் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று வாய் திறக்கத் தயங்குவார்கள். ரத்தத்தைப் பரிசோதித்து இன்ன நஞ்சு என்று ஆய்வகம் சொல்லும்வரை காத்திருக்கவும் முடியாது. ஆனாலும் நல்ல மருத்துவர் சில நிமிடங்களில் நஞ்சின் இனத்தைக் கண்டுகொள்கிறார். அவரிடம் இருப்பது ஒரு டார்ச், ஒரு ஸ்டெதாஸ்கோப், இரண்டு கை.

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று நம் சித்த மருத்துவம் எண்வகைத் தேர்வை வகுத்தது. நஞ்சு உண்டவரிடம் இன்றைய மருத்துவர் தேடுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான். ஒரு குறியை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. எந்தெந்தக் குறிகள் சேர்ந்து வருகின்றன என்று பார்க்கிறார். அந்தச் சேர்க்கைக்கு ‘டாக்ஸிட்ரோம்’ என்று பெயர்.

பூச்சிமருந்தையே எடுத்துக்கொள்வோம். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து உடலில் ஏறியவரின் சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருக்கும். வாயோரம் எச்சில் வழியும், கண்ணில் நீர் கொட்டும். பூண்டு நாற்றமோ மண்ணெண்ணெய் போன்ற நெடியோ வீசும். இமையைத் தூக்கி டார்ச் அடித்தால், கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நுரையீரலில் சளி கொப்பளிக்கும் சத்தம். நாடி மெதுவாக ஓடும். தொடையிலும் கன்னத்திலும் தோலுக்கு அடியில் தசைகள் துடித்துக்கொண்டிருக்கும்.

காரணம் இதுதான். நரம்பின் நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருள், சுரப்பிகளுக்கும் தசைகளுக்கும் கட்டளையைக் கொண்டுபோகிறது. வேலை முடிந்த நொடியே அதைச் சிதைத்துவிட ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. திறந்த குழாயை மூட ஆளில்லாத வீடுபோல, உடம்பின் சுரப்பிகளெல்லாம் ஓயாமல் வடிகின்றன. நோயாளி தன் நுரையீரலில் ஊறும் நீரிலேயே மூச்சுத் திணறுகிறார்.

மாற்று மருந்து அட்ரோபின். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். போதுமா என்று எப்படித் தெரியும்? மருத்துவர் அக்குளில் கைவைத்துப் பார்ப்பார், காய்ந்திருக்க வேண்டும். நெஞ்சில் கொப்பளிப்பு அடங்கியிருக்க வேண்டும். நாடி எண்பதைத் தாண்டியிருக்க வேண்டும். இத்தனை கருவிகள் வந்துவிட்ட காலத்திலும் அக்குளின் ஈரம் ஓர் உயிரின் அளவுகோலாக இருப்பது எனக்குத் தீராத வியப்பு.

அட்ரோபின் அளவு மீறினால் படம் அப்படியே தலைகீழாகும். தோல் காய்ந்து அனலாய்ச் சுடும், முகம் சிவக்கும், நாக்கு வறளும், கண்பாவை அகல விரியும், நாடி பறக்கும். நோயாளி பிதற்றிக்கொண்டே இல்லாத நூலைக் காற்றில் பிடித்து இழுப்பார். ஊமத்தை தின்றவரின் குறிகளும் இவையே, ஏனெனில் ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபின் குடும்பத்து வேதிப்பொருள்கள்தான். பூச்சிமருந்து நனைக்கிறது, ஊமத்தை காயவைக்கிறது. இந்த இரண்டு படங்களும் மனதில் பதிந்துவிட்டால் நஞ்சறிதலில் பாதி தூரம் கடந்தாயிற்று.

சுருங்கிய கண்பாவை என்றாலே பூச்சிமருந்துதான் என்றும் சொல்லிவிட முடியாது. அபின் வகை வலி மாத்திரைகளைப் போதைக்காக அளவு மீறி எடுத்தவருக்கும் கண்பாவை சுருங்கும். ஆனால் எச்சில் வழியாது, வியர்வை வெள்ளமாகாது. ஆழ்ந்த மயக்கத்தில் மூச்சு மட்டும் குறைந்துகொண்டே போகும். இவருக்கு வேண்டியது நலாக்சோன். உரிய நேரத்தில் ஊசி போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும்.

செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டம் மறக்க முடியாத இன்னொரு நஞ்சு மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், அடுத்த ஆண்டு ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் விஷச்சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடித்தவுடன் இது சாதாரண போதையாகவே தெரியும். பல மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்து, வயிற்றுவலியும் வாந்தியும் வரும், பார்வை பனிமூட்டமாக மங்கும். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. ரத்தத்தில் ஏறிய அமிலத்தை வெளியேற்ற உடல் முயல்வதால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும். கண்பாவை விரிந்து, டார்ச் வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும். குறிகள் தாமதமாகவே தெரியும் என்பதால், ஒரே சாராயத்தைக் குடித்த ஒருவர் விழுந்துவிட்டால், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் மற்றவர்களும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்ற நினைப்புதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் முதல் நாள் வாந்தியோடு அடங்கியதுபோல் தெரியும். ஓரிரு நாள் கழித்துக் கண் மஞ்சளாகும்போது கல்லீரல் கெட்டுப்போயிருக்கும். தமிழக அரசு இதற்குத் தடை விதித்தது சரியான முடிவு. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால்கூட அளவு மீறினால் முதல் நாளில் பெரிதாக ஒன்றும் காட்டாது. ஆனால் அதை முறிக்கும் மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பலிக்கும். பூச்சிமருந்திலும் இப்படி ஒரு பொறி உண்டு. தேறிவிட்டார் என்று எல்லோரும் மூச்சுவிடும் இரண்டாம் மூன்றாம் நாளில் மூச்சுத் தசைகள் தளர்ந்துபோகலாம். இதை 1987இல் உலகுக்கு விவரித்தவர்கள் நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த என்ற இலங்கை மருத்துவர்கள். இதற்கான சோதனை மிக எளிது. படுத்திருப்பவரிடம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வார்கள். தூக்க முடியவில்லை என்றால் வென்டிலேட்டர் தேவைப்படலாம்.

உடம்பு இத்தனை சொன்னாலும், வீட்டார் சொல்லவேண்டியதை உடம்பால் சொல்ல முடியாது. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காலி டப்பா, மாத்திரை அட்டை எதுவானாலும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தருவது நடைமுறை. அதற்காக அஞ்ச வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். சாணிக்கரைசல், உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர் என்று எதையும் புகட்டி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் இரண்டாவது ஆபத்து. மருந்து பட்ட துணிகளைக் கழற்றி உடம்பைக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மயங்கியிருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 108ஐ அழையுங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கிறார் என்று தெரிந்தால், இரவோ பகலோ மனநல உதவி எண்ணான 14416க்குப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இறவாணத்தில் செருகியிருக்கும் டப்பாவை இன்றைக்கே எடுத்துப் பூட்டிவையுங்கள்.