கலயத்தில் சுண்ணாம்பு இருந்ததா?

சாயல்குடிப் பக்கம் பனையேறுபவரைக் கேட்டால் சொல்வார்: கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால்தான் பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கள் இறக்கத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. ஆனாலும் "கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சிதானே, பிள்ளைத்தாய்ச்சி ஒரு வாய் குடிச்சா என்ன" என்பவர்கள் உண்டு. சளிக்கு ஒரு மூடி பிராந்தி கொடுக்கும் வீடுகளும் உண்டு. கர்ப்பிணிக்கு இரண்டுமே ஆகாது. பதநீரே ஆனாலும் நுரைத்துப் புளிப்பு வாடை அடித்தால் தொடாதீர்கள். வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கில்லாத அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

தாயின் ரத்தத்தில் ஏறும் ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியாக ஏறக்குறைய அதே அளவில் கருவுக்கும் போய்ச்சேரும். அதை முறிக்கும் திறன் கருவின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்காது. 1968இல் பிரான்சின் நாந்த் நகரக் குழந்தை மருத்துவர் பால் லெமுவான் இப்படிப் பாதிக்கப்பட்ட 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் மருத்துவர்கள் இந்நோய்க்குப் பெயர் வைத்தார்கள். அப்போது பேச்சு முகத்தோற்றம், வளர்ச்சி, அறிவுத்திறன் பற்றியே இருந்தது. 1981இல் வந்த ஓர் ஆய்வுதான் இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருப்பதைக் காட்டியது. காதில் சீழ், நிமோனியா என்று அவர்கள் அடிக்கடி படுத்தார்கள்.

அந்த அணுக்களில் ஒரு வகை பக்குவப்படும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. கருவிலேயே ஆல்கஹால் பட்டால் அதன் வளர்ச்சி குன்றுவதையும், நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் அணுக்கள் மந்தமாவதையும் விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். குறைமாதப் பிரசவமானால் இன்னொரு இழப்பும் சேரும்: தாய் தரும் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் பிள்ளைக்கு இறங்குகின்றன. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கெல்லாம் இதுவே காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது.

கருவுக்கு வரும் இந்தக் கேடு தெரிந்திருந்தால் எத்தனையோ பெண்கள் மதுவைத் தொட்டிருக்க மாட்டார்கள். பிரான்சில் மதுப்புட்டிகளில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை 2007 முதல் கட்டாயம். இந்தியாவில் 2019இல் கட்டாயமான வாசகம் உடல்நலக் கேட்டையும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதையும் சொல்கிறது. கருவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த எச்சரிக்கை நம் உரிமை, கேட்க வேண்டும்.

கர்ப்பம் என்று தெரியுமுன் குடித்திருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டுத் திட்டுபவர்கள் பிள்ளைக்குத்தான் கெடுதல் செய்கிறார்கள். பயந்தவள் அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பலன் உண்டு. ஆனால் தினமும் குடித்துப் பழகியவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவமனையில் வைத்தே நிறுத்த வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிநோயும் அடங்கும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதும், விவரம் வெளியே போகாமல் காக்கப்படுவதும் உங்கள் உரிமை. உள்நோயாளியாகச் சேர்ந்தாலும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். முதலில் பேசிப்பார்க்க 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, கட்டணமில்லை.

பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுங்கள், ஒரு தடுப்பூசியும் தவற வேண்டாம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கர்ப்பகால விவரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, இந்த ராத்திரியில் பாம்பன் பாலம் தாண்டிப் போவானேன் என்று ராமேசுவரத்துக்காரர்கள் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.