கொட்டகையில் உறங்கிய எஞ்சின்

தறியும் நிலமும் ஒரே குடும்பத்தில் இருப்பது நமது பகுதிக்குப் புதிதன்று. ஆதலின், சேலம் அம்மாபேட்டைக்கு அருகே ஒரு சங்கத்தின் தணிக்கைக்குச் சென்ற நாம், நூல் மூட்டைகளுக்குப் பின்னால் டிராக்டர் ஒன்று நிற்கக் கண்டு வியப்படையவில்லை. அது ஆறாண்டுகளாக அசையவில்லை என்பதே வியப்பளித்தது. ஏட்டில் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதியிருந்தார்கள். எண்ணெய் மாற்றியவர்தாம் எவருமில்லை! பழைய இரும்பாக ஏலம் விடத் தீர்மானமும் தயாராயிருந்தது. ஒரு மாதம் பொறுக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொண்டோம்.

வண்டி மாஸ்ஸி பெர்கூசன். 1960-ல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாபே நிறுவனத்தின் தயாரிப்பு. சிம்சன் எஞ்சின், மூன்று சிலிண்டர். புது பாட்டரி மாட்டி உடனே கிளப்பிப் பார்க்கலாம் என்றனர் இளைஞர் சிலர். முதிய மெக்கானிக் ஒருவர் தடுத்துவிட்டார். அவர் செய்தது எவ்வளவு சரி என்பதை அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

ருடால்ப் டீசல் 1890-களில் உருவாக்கிய இவ்வகை எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டரில் காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக நெருக்குவதால் எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. பிஸ்டன் ரிங்குகளின் இறுக்கமே அதன் உயிர். நெடுநாள் நின்றால், திறந்து நிற்கும் வால்வு வழியே ஈரக்காற்று புகுந்து லைனரில் துருவேறும்; ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். பலவந்தமாகச் சுழற்றினால் ரிங் உடையும், லைனர் கீறும்.

எனவே நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மெல்லிய எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறவைத்தார். பின்னர் ஸ்பானர் கொடுத்துக் கையாலேயே அசைத்தார். முதலில் ஒரு விரற்கடை. மாலைக்குள் முழுச் சுற்று. பழைய எஞ்சின் எண்ணெயை வடித்தபோது முன்னால் வந்தது தண்ணீர்!

டீசல் பம்பிற்கே அவர் மிகவும் அஞ்சினார். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் உறுப்பு பிசினேறித் திறந்தபடி சிக்கிவிட்டால், எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகம் பிடிக்கும்; நிறுத்தும் கம்பியை இழுத்தாலும் நிற்காது. காற்று புகும் வழியை அடைப்பதே அப்போது கைகொடுக்கும். பம்பைக் கடையில் பிரித்துச் சுத்தம் செய்த பின்பும், காற்றுக்குழாயருகே தடித்த பலகையுடன் ஒருவரை நிறுத்தினார். வெறுங்கையாலோ துணியாலோ அடைத்தல் ஆகாது, உள்ளே இழுத்துவிடும்.

புது எண்ணெயும் புது பில்டரும் இட்டு, டீசல் குழாய்களில் காற்றெடுத்தார். நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடியே, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழும்வரை சுழற்றினார். அதன்பின்தான் கம்பியை விட்டார். வெண்புகை கக்கி இருமிற்று. சற்றைக்கெல்லாம் சீராக ஓடிற்று. பலகைக்கு வேலை நேரவில்லை.

ஏலத் தீர்மானம் கைவிடப்பட்டது. கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் மட்டும் இன்னும் ஏறவில்லை. அதற்குரிய சீல் வரவேண்டும்.