யாழ்ப்பாணக் கிணறு ஏன் உவர்க்கிறது?

புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே அள்ளினால் நல்ல தண்ணீர், ஆழத்திலோ உப்பு. இராமர் அம்பு விட்ட இடம் என்பார்கள். கதை இருக்கட்டும், ஒரே கிணற்றில் இரண்டு ருசி எப்படி?

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தங்குகிறது. கீழே, அதே கல்லுக்குள் கடல்நீரும் புகுந்திருக்கிறது. ஒரு கனமீட்டர் நன்னீர் 1,000 கிலோ என்றால் கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிலோ. ஆகவே நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன்-ஹெர்ஸ்பர்க் கணக்கு. இதன் மறுபக்கம்தான் ஆபத்து: இறைத்து இறைத்து மட்டம் கால் மீட்டர் இறங்கினால், உப்பு 10 மீட்டர் மேலேறப் பார்க்கும்!

ஆனால் கணக்குக்குக் கட்டுப்படும் கல்லா இது? வெடிப்பு போகும் வழியே உப்பும் வரும். அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும். மின்கடத்துதிறன் அளக்கும் கருவியைக் கம்பியில் கட்டி, மீட்டர் மீட்டராகக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். உப்பு கூடினால் மின்சாரம் எளிதில் பாயும். எண் சட்டென்று எகிறும் ஆழமே நன்னீரின் எல்லை.

உவர்த்த கிணற்றை ஆழமாக்குவது உப்பைத் தேடிப் போவதுதான். தோட்டக்காரர்களே, இறைப்பைக் குறையுங்கள். இடைவெளி விட்டு இறையுங்கள். மழைநீரைக் குளங்களில் மறித்து நிலத்துக்குள் இறங்க விடுங்கள்.